ஆறு வாரம் வெறும் புகை

மருத்துவமனைத் தையல் அறையில் அவளை எல்லாரும் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தலைமை டாக்டர்கூட அப்படித்தான். ஐம்பதை நெருங்கும் வயது, மூக்கு நுனியில் கண்ணாடி, கழுத்தில் எந்நேரமும் தொங்கும் அளவு நாடா. நோயாளிகள் போடும் கவுன், போர்வை, தலையணை உறை, ஆபரேஷன் அறையின் பச்சைத் துணி என்று அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் துணி என்று பெயர் சொல்லக்கூடியது எல்லாம் அவள் கைபட்டுத்தான் வெளியே போகும். கவுனில் ஒரு தையல் பிரிந்திருந்தால் பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுவாள். மனிதர்களையும் அப்படித்தான். ஒரு பார்வை பார்ப்பாள், முடிவு கட்டிவிடுவாள். கட்டிய முடிவைப் பிரித்ததாக யாருக்கும் ஞாபகமில்லை.

வீட்டு மனிதர்களைப் பற்றி அவள் கட்டி வைத்திருந்த முடிவுகள் இரண்டு. கணவருக்கு மனசு இரும்பு. தம்பிக்கு மனசு வெண்ணெய்.

கணவர் லிஃப்ட் கம்பெனியில் சூப்பர்வைசர். இருபத்தாறு வருடமாக அதே வேலை. தெருவிலும் சொந்தத்திலும் சூப்பர்வைசர் என்றே சொல்லிச் சொல்லி அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. தம்பி அதே கம்பெனியில், அதே குழுவில் எலக்ட்ரீஷியன். முப்பத்தெட்டு வயதுத் தனிக்கட்டை. குடியிருப்பு அக்கா வீட்டு மாடி அறையில், சாப்பாடு கீழே அக்கா கையால்.

இரண்டு பேரும் சிகரெட் பிடிப்பார்கள், நாளைக்கு ஒரு பாக்கெட்டுக்குக் குறையாமல். ஆனால் பெரியக்கா கண்ணுக்கு அந்த இரண்டு புகையும் ஒன்றில்லை. "நினைச்சா நாளைக்கே விட்டுடுவேன். நினைக்கல, அவ்வளவுதான்" என்பார் சூப்பர்வைசர், காலை ஆட்டிக்கொண்டே. அதைக் கேட்க அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும். தம்பியோ ஐந்து தடவை விட்டவன், ஐந்து தடவையும் திரும்பத் தொட்டவன். நாலு நாள், பதினொரு நாள், ஒரு தடவை முழுசாக ஒரு மாதம். அப்புறம் வாசலுக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான், தோளுக்கு மேல் புகை போகும். ஒரு தடவைகூட விடப் பார்க்காத மனிதர் உறுதியானவர், ஐந்து தடவை விடப் பார்த்தவன் கோழை என்று எப்படி ஆயிற்று என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

ஒருநாள் தையல் அறைக்கு எதிர்ச்சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். சிகரெட் பிடிப்பவர்கள் ஓர் ஆராய்ச்சிக்குத் தேவை, ஆறு வாரம், சிகரெட்டை ஆராய்ச்சிக்காரர்களே கொடுப்பார்கள். பெரியக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு முறை படித்தாள். விடவைக்கிற ஆஸ்பத்திரியே வாங்கிக் கொடுக்கிறதா என்று முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம், எப்படியும் பிடிக்கிறவர்கள்தானே, பெரிய டாக்டர்கள் கண்பார்வையில் பிடிக்கட்டும் என்று தோன்றியது. இரண்டு பேர் பெயரையும் அவளே கொடுத்துவிட்டு வந்தாள்.

மூன்றாம் மாடியில் ஒரு சின்ன அறை. அங்கே ஆராய்ச்சியைக் கவனித்தது ஒரு நர்ஸ். குட்டையான, நிதானமான பெண். முதல் நாள் பெரியக்காவும் கூட இருந்தாள்.

"ரெண்டு வகை சிகரெட் இருக்குங்க," என்றாள் நர்ஸ். "பார்க்க ஒரே மாதிரி, வாசனையும் ஒரே மாதிரி. ஒரு வகையில வழக்கமான நிக்கோட்டின் இருக்கும். இன்னொண்ணுல இருக்குங்கிற பேருக்குத்தான் இருக்கும். வேற சிகரெட் தொடக் கூடாது. வாரம் ஒரு தடவை இங்க வரணும். குழாயில ஊதணும், சிறுநீர் குடுக்கணும், நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லணும்."

"எனக்கு எந்த வகை?" என்றார் சூப்பர்வைசர்.

"எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. தெரிஞ்சா எங்க முகத்தைப் பாத்தே கண்டுபிடிச்சிடுவீங்க. ஆறு வாரம் முடிஞ்சு கவர்ல வரும்."

"நிக்கோட்டின் இல்லாதது உடம்புக்கு நல்லதாம்மா?" என்று கேட்டாள் பெரியக்கா.

"ஐயோ, இல்லக்கா. நெஞ்சுக்கு ரெண்டும் ஒரே கெடுதல்தான். புகை புகைதானே. நாங்க பாக்கிறது நெஞ்சை இல்ல, மூளையை."

பிறகு நர்ஸ் ஒரு தாளை எடுத்துக்கொண்டு, எந்தெந்த நேரத்தில் கட்டாயம் பிடித்தே ஆகவேண்டும் என்று தோன்றும் என்று கேட்டாள். சூப்பர்வைசர், "அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது. எனக்கா தோணினா பிடிப்பேன்" என்று சொல்லிவிட்டார். தம்பி தரையைப் பார்த்தபடி விரல் விட்டு எண்ணினான். "கண் முழிச்சதும். டீ குடிச்சதும். ஒரு லிஃப்ட்டைச் சரி பண்ணி, மறுபடி ஓட விட்டு, டூல்ஸ் பையை மூடுவோம் பாருங்க, அந்த நிமிஷம். யாராச்சும் திட்டினா. யாராச்சும் பாராட்டினா. பஸ் தூரத்துல வர்றது தெரிஞ்சா." சொல்லிக்கொண்டே போனான். நர்ஸ் அடுத்த பக்கத்துக்குத் திருப்பினாள். பெரியக்காவுக்கு வெட்கமாக இருந்தது. ஒரு மனுஷன் இவ்வளவு பலவீனத்தையும் கடை பரப்பியா காட்டுவான்?

முதல் வாரம் முடிவதற்குள் சூப்பர்வைசர் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"எனக்கு வந்திருக்கிறது டம்மிதான். சந்தேகமே இல்ல. முதல் இழுப்புலயே தெரிஞ்சு போச்சு, உள்ள சத்தே இல்ல. ஆனா பாரு, எனக்கு ஒண்ணும் ஆகல. ஏன்னா நான் அதுக்கு அடிமை இல்ல." அவர் சாப்பிட்டார், தூங்கினார், வழக்கம்போல் சிரிப்பு மூட்டினார். கம்பெனியிலும் போய் இதையே பரப்பினார்.

தம்பியோ முதல் இரண்டு மூன்று நாள் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே பிடித்தான். ஒன்றை முடித்துவிட்டு, ஏதோ விட்டுப்போன மாதிரி அந்தத் துண்டையே பார்ப்பான், அடுத்ததைப் பற்றவைப்பான். ஐந்தாம் நாளிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவது நின்றது. டீயில் சர்க்கரை குறைந்தால் எரிந்து விழுந்தான். விடியுமுன்பே எழுந்து உட்கார்ந்துவிடுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்குப் பேட்டரி மாற்றுகிறேன் என்று கழற்றியவன், பாதியில் அப்படியே மேஜைமேல் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

"ஏன்டா இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? உங்க அத்தானும்தான் அதே சிகரெட்டைப் பிடிக்கிறாரு," என்றாள் பெரியக்கா.

"தெரியலக்கா. தலைக்குள்ள யாரோ விடாம மணி அடிக்கிற மாதிரி இருக்கு."

"மணியாம். வேலை செய்ய உடம்பு வணங்கல, அதுக்குப் பேரு மணி."

மூன்றாவது வாரத்தில்தான் அது நடந்தது. ஏழு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இறங்கும்போது அடியில் சத்தம் போடுகிறது என்று புகார். சூப்பர்வைசர் கீழே குழிக்குள் இறங்கினார். லிஃப்ட் வந்து நிற்கும் தளத்துக்கும் கீழே, ஓர் ஆள் உயரத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும் பள்ளம் அது. ஆள் உள்ளே இருக்கும்போது மொட்டைமாடி மோட்டார் அறையில் இருப்பவர் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். குழிக்குள் இருப்பவருக்கு அந்தப் பூட்டுத்தான் உயிர். அன்று மேலே இருந்தது தம்பி.

சூப்பர்வைசர் வேலையை முடித்து மேலே போய்ப் பார்த்தபோது சுவிட்ச் அணைந்துதான் இருந்தது. ஆனால் பூட்டைக் காணோம். அது தம்பியின் டூல்ஸ் பையிலேயே கிடந்தது. அவன் அறைக்கு வெளியே வெயிலில் நின்று புகைத்துக்கொண்டிருந்தான். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கட்டடத்துக் காவலாளி ஒருவர் கால் மணி நேரத்துக்கு முன்னால்தான் அந்த அறைக்கு வந்து, 'லிஃப்ட் ஏன் ஓடலை, சுவிட்சைப் போடட்டுமா' என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

சூப்பர்வைசர் அவனை அங்கேயே, நாலு பேர் பார்க்க, வாங்கு வாங்கென்று வாங்கினார். வீட்டுக்கு வந்து மனைவியிடமும் சொன்னார். சொல்லும்போது அவருடைய குரல் லேசாக நடுங்கியது. அந்த நடுக்கம்தான் பெரியக்காவைப் பற்றிக்கொண்டது. தம்பி சாப்பிட இறங்கி வந்து தட்டின் முன் உட்கார்ந்ததும் அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீ ஒண்ணை ஆரம்பிச்சு முடிச்சதா சரித்திரமே கிடையாது. சரி, அது உன் தலையெழுத்து. ஆனா ஒண்ணு மட்டும் சொல்றேன். உன்னை நம்பி ஒரு மனுஷன் குழிக்குள்ள இறங்கக் கூடாது."

தம்பி அவளை ஏறிட்டுப் பார்த்தான். கோபப்படுவான், கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் மெதுவாகத் தலையை ஆட்டினான், கேள்விக்குச் சரியான பதில் கேட்டவன் மாதிரி. எழுந்து கையைக் கழுவிவிட்டு மாடிக்குப் போனான். தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது.

மறுநாளிலிருந்து அவன் கீழே சாப்பிட வரவில்லை. அந்த வாரமே கம்பெனியில் கேட்டு வேறு குழுவுக்கு மாறிக்கொண்டான், யாரும் குழிக்குள் இறங்காத பட்டன் பெட்டி, விளக்கு, மின்விசிறி வேலைக்கு. படியில் ஏறி இறங்கும் சத்தம் மட்டும் கேட்கும். பெரியக்கா சோற்றுப் பாத்திரத்தில் அவன் பங்கையும் சேர்த்தே வைத்துக்கொண்டிருந்தாள். மீந்ததை யாரிடமும் சொல்லாமல் மறுநாள் தையல் அறைக்கு எடுத்துப் போனாள். 'தானா வருவான்' என்று கணவரிடம் சொன்னாள். வரவில்லை. மூன்று வாரம் ஓடிவிட்டது.

ஆறாம் வாரம் முடிந்த நாள் சூப்பர்வைசர் தையல் அறைக்கு நேராக வந்தார், கையில் பிரிக்காத கவர். அவருடைய வெற்றியை அவர் சாட்சிகளோடு கொண்டாட விரும்பினார். ஓவர்லாக் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவளோடு வேலை செய்யும் தையல்காரப் பெண்கள் மூவரும் திரும்பி உட்கார்ந்தார்கள்.

"பாருங்க எல்லாரும். ஆறு வாரம் வெறும் தாளும் தூளும் பிடிச்சிருக்கேன். மனசு கட்டுப்பாடு இருந்தா..." என்று ஆரம்பித்துக் கவரைக் கிழித்தார்.

படித்தார். இன்னொரு முறை படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்.

"என்னங்க?" என்றாள் பெரியக்கா.

"வழக்கமான அளவாம்," என்றார். குரல் இறங்கிவிட்டது. "எனக்கு வந்தது உண்மையானதாம்."

ஒரு பெண் சிரிப்பை அடக்கத் தலையணை உறைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். சூப்பர்வைசர் முகத்தில் அசடு வழிந்தது. "இவங்க ஏதாவது மாத்தி வச்சிருப்பாங்க," என்று முணுமுணுத்துக்கொண்டே நாற்காலியைத் தேடினார்.

அப்போதுதான் வாசலில் தம்பி நிற்பதைப் பெரியக்கா பார்த்தாள். எவ்வளவு நேரமாக நின்றானோ. மூன்று வாரம் கழித்துப் பக்கத்தில் பார்க்கிறாள். இளைத்திருந்தான், ஆனால் கண் தெளிந்திருந்தது. அவன் உள்ளே வந்து தன் கவரை அவளிடம் நீட்டினான்.

"நீயே பிரிச்சுப் படிச்சுச் சொல்லுக்கா. எனக்குப் படிக்க ஒரு மாதிரியா இருக்கு."

அவள் கத்தரியால் ஓரத்தை நறுக்கினாள். இரண்டு பத்திதான். முதல் பத்தியில், அவனுக்குக் கொடுத்த சிகரெட்டில் நிக்கோட்டின் இல்லை என்று சொல்லலாம், அவ்வளவு குறைவு என்று எழுதியிருந்தது. இரண்டாவது பத்தி சோதனைகளைப் பற்றி. ஆறு வாரமும் அவன் ஒரு தடவைகூட வெளி சிகரெட்டைத் தொடவில்லை, வராத நாள் ஒன்றுகூட இல்லை, முழு ஒழுங்கோடு முடித்தவர்களில் அவனும் ஒருவன் என்று நன்றி சொல்லியிருந்தார்கள்.

பெரியக்கா அந்த இரண்டாவது பத்தியை மனசுக்குள் படித்தாள். தாளை மடித்தாள், மறுபடி பிரித்தாள்.

"அப்ப உனக்குத்தான்டா டம்மி," என்றாள் கடைசியில்.

"அப்படியாக்கா?" என்றான் அவன். ஆச்சரியப்பட்டவனாகத் தெரியவில்லை. நிம்மதிப்பட்டவனாகத் தெரிந்தான். "நான் என்னமோ எனக்கு உண்மையானதே வந்தும் இப்படி ஆடுறேனேன்னு நினைச்சிட்டிருந்தேன். நீ சொன்னதுதான் சரி போலன்னு."

அதைச் சொல்லிவிட்டு வேலைக்கு நேரமாகிறது என்று போய்விட்டான். பெரியக்கா அன்று பிற்பகல் ஒரு கவுனுக்கு இரண்டு இடது கையை வைத்துத் தைத்துவிட்டாள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அவள் மாடி ஏறினாள். அந்தப் படியில் அவள் ஏறியே பல வருடம் ஆகியிருந்தது. துணி காயப் போடக்கூட மற்றவர்களைத்தான் அனுப்புவாள். அறை அவள் நினைத்ததைவிடச் சுத்தமாக இருந்தது. ஜன்னல் திண்டில் சாம்பல் கிண்ணம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. மேஜைமேல் ஒரு லிஃப்ட் பட்டன் பலகை, வயரெல்லாம் வெளியே இழுத்தபடி. கிடந்த ஒரே நாற்காலியை அவன் அவளுக்குக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான்.

"சாப்பிடு முதல்ல."

அவன் சாப்பிட்டான். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப எத்தனை பிடிக்கிற?"

"நேத்து மூணு. இன்னிக்கு ஒண்ணும் இல்ல. பிடிக்கக் கூடாதுன்னு இல்லக்கா. பிடிச்சா ஒண்ணும் நடக்க மாட்டேங்குது. அதனால கை அதுபாட்டுக்கு மறந்து போகுது."

"எப்படிடா? நீதான் அப்படிப் பறப்பியே."

அவன் தட்டை ஓரமாக வைத்துவிட்டு அந்தப் பட்டன் பலகையை மடியில் எடுத்துக்கொண்டான்.

"நர்ஸம்மா ஒரு நாள் பொறுமையா உக்காந்து சொன்னாங்க. நான் எனக்குப் புரியிற மாதிரி மாத்திக்கிட்டேன். மூளையில இந்த மாதிரி பட்டன் நிறைய இருக்காம். அதை அமுக்குறதுக்கு மூளையே ஒரு சரக்குத் தயார் பண்ணி வச்சிருக்கு. நிக்கோட்டின் வெளியிலிருந்து வந்து அதே பட்டனை அமுக்குது. இழுத்துப் பத்து எண்ணுறதுக்குள்ள போயிடுமாம். அமுக்கினதும் டோபமைன்னு ஒண்ணு கிளம்பும். நான் அது சந்தோஷம்னுதான் நினைச்சேன். அது இல்லையாம். 'இந்த இடம் முக்கியம், ஞாபகம் வச்சுக்க, மறுபடி இங்கயே வா'ன்னு மூளைக்குச் சொல்ற ஆளாம் அது. டீ குடிக்கிறப்ப சொல்லும், பஸ் வர்றப்ப சொல்லும். கொஞ்ச நாள்ல சிகரெட்டே வேண்டாம், டீயைப் பாத்தாலே ஆள் கிளம்பிடுவான்."

"ம்."

"தினம் இருபது தடவை அமுக்கினா மூளை என்ன பண்ணும்? கூட்டம் ஜாஸ்தியா இருக்குன்னு நினைச்சுக் கூடுதலா பட்டன் வச்சிடும். அப்புறம் நிக்கோட்டின் வரலைன்னா அத்தனை பட்டனும் ஒரே நேரத்துல கூப்பிடும். கட்டடத்துல ஆளே இல்ல, எல்லா மாடியிலயும் விளக்கு எரியுது. அந்த ரெண்டு மூணு வாரம் என் தலைக்குள்ள அதான்க்கா. அப்புறம் யாரும் வரலைன்னு தெரிஞ்சா, வச்ச கூடுதல் பட்டனை மூளையே ஒண்ணொண்ணா கழட்டிடுமாம். எனக்கு ஒரு வசதி, கையும் வாயும் வழக்கம்போல புகைச்சுக்கிட்டே இருந்துச்சு. டீ வந்துது, புகை வந்துது, ஆனா ஆள் கிளம்பல. அதனால டீ வேற, அது வேறன்னு ஆயிடுச்சு."

பெரியக்கா அவன் மடியில் இருந்த பலகையைப் பார்த்தாள். ஐந்து தடவை என்று நினைத்தாள். ஐந்து தடவையும் இந்தப் பையன் இப்படித் தலை முழுக்க மணி அடிக்க, அடிக்க, நாலு நாளும் பதினொரு நாளும் ஒரு மாதமும் நின்றிருக்கிறான். நான் கீழே உட்கார்ந்து நாட்களை எண்ணிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு நான் குழியைப் பத்திச் சொன்னது..."

"விடுக்கா."

"விட முடியாது. சொன்னது நான். தப்பாச் சொல்லிட்டேன்." இப்படி ஒரு வாக்கியம் தன் வாயிலிருந்து வருவதை அவளே முதல் தடவையாகக் கேட்டாள். அது அவ்வளவு கஷ்டமாக இல்லை. "உன் மேல தப்பே இல்லைன்னு இப்ப தெரியுது."

"அப்படியும் சொல்லாத," என்றான் தம்பி. "மூளை மேல முழுப் பழியையும் போட்டுட்டு நான் ஒதுங்கிக்க முடியாது. பூட்டை மறந்தது நான்தான். காலையிலயே எனக்குத் தெரியும், தலை சரியில்லன்னு. 'இன்னிக்கு என்னை மேல நிறுத்தாதீங்க அத்தான்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னா சிரிப்பாங்கன்னு வாயை மூடிக்கிட்டேன். அதுதான் என் தப்பு."

அவளுக்குச் சுருக்கென்றது. சிரித்திருப்பார்கள்தான். முதல் ஆளாக அவளே சிரித்திருப்பாள்.

"நாளையிலிருந்து கீழ வந்து சாப்பிடு," என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "படி ஏறி ஏறி என் முட்டி போகுது."

"ஒரு தடவைதானே ஏறின."

"அதுக்கே போகுது."

சூப்பர்வைசர் கதை அதற்கப்புறம்தான் தொடங்கியது. கவர் வந்ததிலிருந்து நாலைந்து நாள் அவர் யாரோடும் அதைப் பற்றிப் பேசவில்லை. திடீரென்று ஒரு திங்கட்கிழமை காலை, மீதிப் பாக்கெட்டைக் குப்பையில் போட்டு, "இன்னியோட முடிஞ்சுது. காட்டுறேன் பாரு" என்று கிளம்பினார். யாருக்குக் காட்டுகிறார் என்று பெரியக்கா கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு போயிற்று. புதன்கிழமை காலை அவர் சட்டையில் ஒரு பொத்தான் தொங்கியது. வீட்டில் ஒரு தையல்காரி இருந்தும் பொத்தானுக்கு வக்கில்லையா என்று தொடங்கியது, அவள் வீட்டார் வரைக்கும் போனது. சட்டையைச் சுருட்டிச் சுவரில் எறிந்தார். எறிந்த சட்டை சத்தமில்லாமல் விழுந்தது அவரை இன்னும் கோபப்படுத்தியது போலிருக்கிறது. பனியனோடு வாசலுக்குப் போனவர் அரை மணி நேரம் கழித்துத்தான் வந்தார். வந்தபோது வாய் நிறைய ஏலக்காய். கோபம் இருந்த இடம் தெரியவில்லை.

"சும்மா நடந்துட்டு வந்தேன்," என்றார், கேட்காமலே.

பத்தடி தூரத்தில் பிரிந்த தையலைக் கண்டுபிடிப்பவளுக்கு ஏலக்காய்க்கு அடியில் இருந்தது தெரியாதா? முன்பென்றால் இந்த மனிதருக்கா இப்படி என்று நொறுங்கிப் போயிருப்பாள், இல்லாவிட்டால் தம்பியைப் பேசியதுபோல் இவரையும் ஒரு வாக்கியத்தில் முடித்திருப்பாள். அவள் சட்டையை எடுத்து உதறினாள், பொத்தானைத் தைத்தாள். நூலைப் பல்லால் அறுத்தபடி, "எத்தனை?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐம்பத்து மூன்று வயது மனிதர், பனியனில், பள்ளிக்கூடத்தில் அகப்பட்டுக்கொண்டவர் மாதிரி.

"ரெண்டு," என்றார். பிறகு கட்டிலில் உட்கார்ந்தார். "என்னால முடியலடி. ஸ்குரூ கழட்டினா எங்க வச்சேன்னு தெரியல. ஆளுங்க பேசறது காதுல ஏறல. அழுகை வருது, எதுக்குன்னு தெரியல. இவ்வளவு இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல." தைத்த சட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "அந்தப் பயல் மூணு வாரம் இதை வச்சுக்கிட்டு என்கூட வேலைக்கு வந்திருக்கான். நான் அவனை நாலு பேர் முன்னாடி..."

"அதை அவன்கிட்ட சொல்லுங்க."

சொன்னாரா என்று பெரியக்காவுக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் இருவரும் வாசல்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். அவள் டீ கொண்டுபோனபோது தம்பி பேசிக்கொண்டிருந்தான்.

"ஒரேயடியா நிறுத்தினா தாங்காது அத்தான். நர்ஸம்மாகிட்ட போலாம். தோள்ல ஒட்டுற பட்டை குடுப்பாங்க. அதுலேருந்து நிக்கோட்டின் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போகும், மணி அவ்வளவு சத்தமா அடிக்காது. ரொம்ப அடிச்சா மெல்லுறதுக்கு பபிள்கம் மாதிரி ஒண்ணு இருக்கு. கொஞ்ச நாளைக்கு அப்புறம் பட்டையைச் சின்னதாக்கிக்கிட்டே வருவாங்க."

"பட்டை ஒட்டிக்கிட்டு அலையறதா? ஆளுங்க பாத்தா என்ன நினைப்பாங்க?"

"சட்டைக்குள்ள இருக்கறதை யார் பாக்கப் போறா? கால் உடைஞ்சா கட்டுப் போட்டுக்க மாட்டீங்களா?"

"இல்ல மாப்ள, நான் நினைச்சா..." என்று ஆரம்பித்தவர் அதோடு நிறுத்திக்கொண்டு டீயைக் குடித்தார்.

வியாழக்கிழமை மூவரும் மூன்றாம் மாடிக்குப் போனார்கள். நர்ஸ் பழைய தாளை எடுத்துவைத்துக்கொண்டு, எந்தெந்த நேரத்தில் தோன்றும் என்று மறுபடி கேட்டாள். இந்தத் தடவை சூப்பர்வைசர் பதில் சொல்லத் தொடங்கி, நிறுத்தவே இல்லை. நர்ஸுக்கு இரண்டு பக்கம் போதவில்லை.

பட்டை ஒட்டியதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஒன்பதாம் நாள் ஒரு சிகரெட், கம்பெனியில் ஒரு ஆள் ஓய்வுபெற்ற அன்று மூன்று. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து அவரே சொன்னார். ஏலக்காய் வாங்குவதை நிறுத்திவிட்டார். பெரியக்கா நாட்காட்டியில் குறிக்கப் போனாள், வேண்டாம் என்று விட்டுவிட்டாள். தலை சரியில்லாத நாட்களில் காலையிலேயே குழுவில் சொல்லிவிடுவார்: "இன்னிக்கு எனக்கு மேல மோட்டார் ரூம் வேலை வேண்டாம்பா." முதல் நாள் சிலர் சிரித்தார்கள். அடுத்த வாரம் வேறொரு மெக்கானிக், வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல், மூன்று நாளாகத் தூக்கமில்லை, எனக்கும் வேண்டாம் என்றான். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. தம்பி பழைய குழுவுக்குத் திரும்பி வந்தான், சூப்பர்வைசர் போய்க் கேட்டு வாங்கினார். தம்பிக்கும் எப்போதாவது, மழைக்கு ஒதுங்கி நிற்கும்போது பக்கத்தில் யாராவது பற்றவைத்தால், கை சட்டைப் பையைத் தடவிவிட்டு வரும். அவன் அதை மறைப்பதில்லை.

மூன்று மாதம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை மதியம், வேலை முடிந்து பெரியக்காவும் கணவரும் மருத்துவமனை வாசலில் பஸ்ஸுக்கு நின்றார்கள். அவருடைய தோளில் இப்போது ஒட்டியிருந்தது இருப்பதிலேயே சின்னப் பட்டை. அவர் எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குக் காலையில அது ஞாபகமே வரல," என்றார்.

"எது?"

"அதுதான். பதினோரு மணிக்கு மேலதான், ஞாபகம் வரலையேங்கிறது ஞாபகம் வந்துது."

"அப்புறம்?"

"அப்புறம் வந்துடுச்சு. பதினோரு மணிலேருந்து ஒரே நச்சரிப்பு."

பெரியக்கா சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். "நாளைக்குப் பன்னிரண்டு மணி வரைக்கும் வராம இருக்கட்டும்," என்றாள். பஸ் திருப்பத்தில் வந்தது. அவர் பாக்கெட்டிலிருந்து மெல்லுவதற்கான ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அவளுடைய பையையும் வாங்கிக்கொண்டு, முதலில் அவள் ஏறட்டும் என்று ஒதுங்கி நின்றார்.